மடக்குக் கத்தி வாங்குங்கால் கவனிக்க வேண்டியவை

தாம்பரம், வண்டலூர்ப் பக்கங்களில் தோட்டமும் பட்டறையும் உடையோர் மடக்குக் கத்தி வாங்குங்கால் அலகின் பளபளப்பையே பார்ப்பது வழக்கம். முதலிற் பார்க்க வேண்டியது கீல். விரித்த அலகைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடும் கத்தியை விலக்குவதே நலம். விரித்த அலகைப் பூட்டி நிறுத்தும் அமைப்பு இல்லாவிடில், அழுத்தி வேலை செய்கையில் அது மடங்கி விரலை வெட்டிவிடும். பூட்டுள்ள கத்தியாலும் எதனையும் நெம்பலாகாது. அதற்குக் கடப்பாரை உண்டு.

கரியெஃகு அலகு எளிதிற் கூர்மை பெறும். மாவில் ஒட்டுக் கட்டுவதற்கு மிக உகந்தது. ஆயினும் கடற்காற்றில் விரைவில் துருவேறும். மாம்பால் பட்டாற் கறுக்கும். ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி 1913-இல் உருக்கிய, குரோமியம் கலந்த துருவேறா எஃகு இக்காற்றை நன்கு தாங்கும். தீட்டத்தான் பொறுமை வேண்டும். எவ்வகையாயினும் வேலை முடிந்ததும் துடைத்து, கீலுக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி இடுக. தேங்காயெண்ணெய் நாளடைவிற் பிசுபிசுத்துக் கீலை இறுக்கிவிடும்.