ரெக்கார்டு பதிவில் 'தொம் தொம்' சத்தமா?

பழைய எல்.பி. ரெக்கார்டுகளைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்யும்போது பாட்டோடு 'தொம் தொம்' என்ற சத்தமும் சேர்ந்து பதிவாகிறதா? சவுண்ட் கார்டை மாற்றக் கிளம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் குற்றவாளி உங்கள் வீட்டுத் தரைதான்.

அப்பா சேர்த்து வைத்த கர்நாடக இசை ரெக்கார்டுகளை ஆடாசிட்டி மூலம் பதிவு செய்தபோது எனக்கும் இதே தொல்லை. எங்கள் வீடு முதல் மாடியில். ஹாலில் யாராவது நடந்தாலே திரையில் அலை மேலும் கீழும் துள்ளும். ஒருநாள் ஊசியே எகிறி, நல்ல ஆலாபனையின் நடுவில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. அந்த ரெக்கார்டுக்கு வேறு பிரதி எங்களிடம் இல்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அதிகம் உறுத்தியது.

ரெக்கார்டின் பள்ளத்தில் ஊசி அசைவது மைக்ரான் கணக்கில். அந்த அசைவு பாட்டால் வந்ததா, தரையால் வந்ததா என்று ஊசிக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, ரெக்கார்டு தயாரிக்கும்போதே தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துப் பதித்திருப்பார்கள். அதை ஈடுகட்ட போனோ பிரீஆம்ப் 20 ஹெர்ட்ஸ் ஒலியை 1000 ஹெர்ட்ஸ் ஒலியைவிட சுமார் 9 மடங்கு கூட்டித் தருகிறது. காலடிச் சத்தத்துக்கும் அதே மரியாதை கிடைக்கிறது!

முதலில் ஒரு சோதனை. பிளேயரின் மோட்டாரை நிறுத்தி, ஸ்பீக்கரை மியூட் செய்து, வேண்டாத ரெக்கார்டு ஒன்றின் மேல் ஊசியை வையுங்கள். ஆடாசிட்டியில் ரெக்கார்டு பட்டனை அழுத்திவிட்டு அறையில் நடந்து பாருங்கள். அலை எழும்பினால் தரைதான் காரணம்.

செலவு குறைந்த சிறந்த வழி, செங்கல் சுவரில் உறுதியான எல்-ஆங்கிள் அடித்து அதன் மேல் பிளேயரை வைப்பது. வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாதவர்களுக்கு, குழந்தைகள் சைக்கிளின் டியூப் இருக்கிறது. அதில் பாதிக் காற்று மட்டும் அடித்து மேஜையில் வைத்து, மேலே கடப்பைக் கல் பலகை, அதன் மேல் பிளேயர். எனக்கு இதுதான் கைகொடுத்தது.

ஏன் பாதிக் காற்று? டோன் ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து வழக்கமாக 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் தாமாகவே ஆடும். டியூப் கடினமாக இருந்து பலகையும் அதே வேகத்தில் ஆடினால், போட்ட மருந்தே நோயாகிவிடும். 3, 4 ஹெர்ட்ஸில் மெதுவாக ஆட வேண்டும். பைஃபாக்ஸ் என்ற இலவச ஆப்பைத் திறந்து, மொபைலைப் பலகையில் வைத்துத் தட்டினால் எத்தனை ஹெர்ட்ஸ் என்று காட்டிவிடும். பிளேயரையும் மேலே வைத்தே அளவிடுங்கள். ஸ்பாஞ்ச் துண்டுகளை நம்பாதீர்கள். கல்லின் பாரத்தில் நசுங்கிவிட்டால் அவை வெறும் கட்டைதான்.

'பிறகு ஹை-பாஸ் ஃபில்டர் போட்டு நீக்கிவிட்டால் என்ன?' என்று கேட்கலாம். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள உறுமலை அது குறைக்கும், நானும் போடுகிறேன். ஆனால் ஊசி தாண்டிவிட்ட இடத்தை எந்த ஃபில்டராலும் திருப்பித் தர முடியாது.

டியூபில் காற்று மெல்ல இறங்கும். ஒவ்வொரு முறை பதிவு செய்யும் முன்பும் பலகை சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.