கேட்ட வரலாறே நிற்கும்

நடுவர் அவர்களே! குன்றாண்டார்கோவில் பெரியோர்களே, தாய்மார்களே!

எதிரணித் தம்பி சொன்னாரு: "வரலாறுன்னா படிக்கணும், செல்போன்ல பாட்காஸ்ட் கேக்குறது வெறும் பொழுதுபோக்கு." சரிங்க தம்பி, நம்ம ஊர்க் கதையையே எடுத்துக்குவோம்.

1927. சென்னைச் சட்டசபை. பெண் குழந்தைகளுக்குப் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருகிறார் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பிறந்தது புதுக்கோட்டை. எதிர்த்தவர்களில் ஒருவர் தீரர் சத்தியமூர்த்தி. பிறந்தது திருமயம். ரெண்டு பேருமே நம்ம மண்ணு! (கைதட்டல்)

பாடப்புத்தகத்துல இது என்ன? "1947, தேவதாசி ஒழிப்புச் சட்டம்." ஒரே வரி. மார்க்கு ரெண்டு! (சிரிப்பு)

அந்தச் சபைக் குறிப்புகள் அச்சில் இருக்கு. அதை ரெண்டு பேர் குரல் கொடுத்துப் பேசிக் கேட்டுப்பாருங்க. எதிர்த்தவர் வில்லன் இல்லீங்க; நாட்டுக்காகச் சிறை சென்ற தியாகி. கேட்டவரோ, அந்த மரபில் வந்த தாயின் மகள். அது வெறும் வாதமா? வயித்தெரிச்சல்!

தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் நடுவுல 20 வருஷம். அதுக்குள்ள எத்தனை பிஞ்சுக் கழுத்துல பொட்டு ஏறியிருக்கும்? படிக்கிறவன் வருஷத்தைத் தாண்டிப் போயிருவான். கேக்குறவன் அங்கேயே நின்னுருவான்.

ஆகவே, கேட்ட வரலாறே நிற்கும் என்று கூறி அமர்கிறேன். (கைதட்டல்)