மூடிக்குள் சிக்கிய எல்எஸ்டி

1943 ஏப்ரல் 19. சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில் சாண்டோஸ் மருந்து நிறுவனத்து வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன், 1938-ல் தாமே தயாரித்துக் கிடப்பில் போட்டிருந்த எல்எஸ்டியில் 250 மைக்ரோகிராமைத் தண்ணீரில் கலந்து குடித்தார். கால் மில்லிகிராம்தான், ஒரு கிராமை 4,000 பேருக்குப் பங்கு வைக்கலாம். இத்துனூண்டு என்ன செய்துவிடும் என்பது அவர் எண்ணம். போர்க்காலம், கார் கிடையாது. உதவியாளர் துணைக்கு வர, சைக்கிளில் வீட்டுக்குக் கிளம்பினார். வேகமாகத்தான் போனார்கள், அவருக்கோ இருந்த இடத்திலேயே நிற்பதுபோல் இருந்தது. பால் கொண்டுவந்த பக்கத்து வீட்டு அம்மாள் சூனியக்காரியாகத் தெரிந்தார். செத்துக்கொண்டிருக்கிறோம் என்றே நம்பினார் ஹாஃப்மன். டாக்டர் வந்து பார்த்தார்: கண்மணி விரிந்திருந்தது, மற்றபடி ஒன்றுமில்லை.

எல்எஸ்டியின் உருவம், மூளையில் செய்தி கடத்தும் செரடோனினை ஒத்தது. அதனால் செரடோனினுக்கென்று நரம்பணுக்களில் உள்ள ஏற்பிகளில் இதுவும் போய் உட்கார்ந்துகொள்கிறது. அவற்றில் 2ஏ என்ற ஏற்பிதான் முக்கியம். அதை முன்கூட்டியே அடைத்துவிட்டால், எல்எஸ்டியைப்போலவே பிரமை தரும், மாயக்காளானில் உள்ள சிலோசைபினைக் கொடுத்தாலும் பிரமை தோன்றுவதில்லை என்று 1998-ல் சூரிச் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

சரி, ஒரு துளி எப்படிப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஆட்டிவைக்கிறது? 2017-ல் அமெரிக்காவில் பிரையன் ராத் குழுவினர், 2ஏ-வுக்கு உடன்பிறப்பான 2பி ஏற்பிக்குள் எல்எஸ்டி உட்கார்ந்திருப்பதைப் படிகமாக்கிப் படம்பிடித்தார்கள். உள்ளே நுழைந்ததும் ஏற்பியின் ஒரு பகுதி சம்புடத்து மூடிபோல மேலே கவிந்துகொள்கிறது. அந்த மூடியைத் தளர்த்தியபோது எல்எஸ்டி சீக்கிரமே வெளியேறிவிட்டது.

இந்த மருந்துகள் வேறோர் உலகத்துக் கதவைத் திறக்கின்றன என்ற பேச்சு எனக்கு ஒப்பவில்லை. 2016-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியினர் வெளியிட்ட ஆய்வுக்காக எல்எஸ்டி கொடுத்துக் கண்ணை மூடிப் படுக்கவைத்து மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். பார்வைப் பகுதி, வழக்கமாக அவ்வளவாகப் பேசிக்கொள்ளாத பகுதிகளோடெல்லாம் உறவாடிக்கொண்டிருந்தது. அந்த உறவு கூடக்கூடக் காட்சிகளும் கூடின. ஆக, சரக்கெல்லாம் உள்ளூர்ச் சரக்கு.

‘நான்’ என்ற நினைப்போடு தொடர்புள்ள வலைப்பின்னல் ஒன்றும் மூளையில் உண்டு. சும்மா இருக்கும்போது, பழசையும் நாளையையும் அசைபோடும்போது சுறுசுறுப்பாக இருப்பது அதுதான். 2024-ல் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், சிலோசைபின் அதன் ஒத்திசைவைத்தான் பெரிதும் குலைத்தது. ஆனால் ஒரு படத்தைக் காட்டி, காதில் விழும் சொல் அதற்குப் பொருந்துகிறதா என்று கேட்டார்கள். அந்த எளிய வேலையில் கவனம் போனதுமே குலைவு குறைந்தது.