எண்ணெய் ஒட்டாத இடம்

ஆஃப்செட்டில் அச்சடித்த ஒரு தீப்பெட்டிப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஆரஞ்சுப் புலி காணாமல் போய்விடும். மஞ்சள் புள்ளிகளும் சிவப்புப் புள்ளிகளும்தான் நெருக்கியடித்துக் கிடக்கும். ஆரஞ்சு மையை யாரும் ஊற்றவே இல்லை. அந்த நிறம் பெரும்பாலும் நம் கண்ணில்தான் கலக்கிறது.

1922இல் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்ளக் கல்கத்தா போனார்கள். திரும்பி வந்து சிவகாசியில் தொழில் தொடங்கினார்கள். எழுத்துத் தெரியாதவர்களும் “அந்த மயில் பெட்டி குடுங்க” என்று கேட்டு வாங்கிய காலம். ஆகவே பெட்டிக்குப் படம் வேண்டும், படத்துக்கு அச்சகம் வேண்டும். மதுரைக்குத் தெற்கே சுமார் 70 கிலோமீட்டரில் இருக்கும் அந்த வறண்ட பூமி இரண்டுக்கும் தோதாக அமைந்தது. குச்சியில் தோய்த்த மருந்து சீக்கிரம் உலரும். காற்றில் ஈரம் குறைவு, அதனால் தாள் விரியாது. தாள் மயிரிழை விரிந்தாலும் அடுத்து விழும் நிறம் கோட்டைத் தாண்டிவிடும். சாமியின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் உட்காரும். அப்படிப் பிசகிய படங்களைத் தேடிப்பிடிக்கும் சேகரிப்பாளர்கள் உண்டு. எனக்கும் அவைதான் பிடிக்கும்.

இந்த அச்சின் சூட்சுமம், எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதுதான். 1790களில் ஜெர்மனியின் அலாய்ஸ் செனஃபெல்டர் சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மையால் எழுதி, கல்லை நனைத்தார். வெற்றிடம் ஈரத்தைப் பிடித்துக்கொண்டது, எழுத்து தள்ளிவிட்டது. மேலே எண்ணெய் மையை உருட்டினால் எழுத்தில் மட்டும் பிடித்தது. மேடு பள்ளமே இல்லாத கல்லிலிருந்து அச்சு! கல்லுக்குப் பதில் உலோகத் தகடு வந்த பிறகும் ஆஃப்செட்டில் நடப்பது இதேதான்.

படத்தை உரித்தெடுப்பவருக்கும் இந்தப் பகைதான் துணை. மரச்சீவலில் செய்த பழைய பெட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டால் பசை இளகும். எண்ணெய் மை அசையாது. படம் கழன்று வந்ததும் பின்பக்கப் பசையை வழித்துவிட வேண்டும். இல்லையென்றால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து.

பொறுக்கிய படங்களை வட்டத்துக்குள் வைத்து, சில்லால் அடித்து வெளியே தள்ளியதை எடுத்துக்கொள்வது பையன்களின் ஆட்டம். அரிய படம் ஒன்றுக்குச் சாதாப் படங்கள் பல ஈடு. சிகரெட் பெட்டிக்குள் வந்த ஹோனஸ் வாக்னர் பேஸ்பால் அட்டை 2022இல் 72.5 லட்சம் டாலருக்குப் போனதும் இதே கணக்கில்தான். அதை அச்சடிப்பதைச் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். நம் தீப்பெட்டிப் படம் அந்த விலைக்குப் போகவில்லை. நல்லதுதான், பள்ளிக்கூடப் பிள்ளையும் சேர்க்கலாம்.

சேர்த்ததை வெயிலில் காட்டக் கூடாது. மதுரைச் சுவர்களில் பழைய சினிமா போஸ்டர் நீலம்பாரித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு, மஞ்சள் நிறமிகளின் மூலக்கூறுகளை ஒளி சீக்கிரம் உடைத்துவிடும். நீலமும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும்.

இப்போதெல்லாம் படத்தைப் பெட்டி அட்டையிலேயே நேராக அச்சடித்துவிடுகிறார்கள். தண்ணீரில் போட்டால் பெட்டிதான் கூழாகும். கத்தரிக்கோல்தான் கதி.