ஆராய்ச்சி மாநாடும் அலுவலகப் பணியும்

1966ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் கோலாலம்பூரில் முதல் அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடிற்று. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கு அப்போது தலைவராயிருந்த தனிநாயக அடிகளார் அதனை முன்னின்று நடத்தினார் என்பதைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். அம்மாநாட்டைப் போன்றதொன்று நடைபெறுவதற்கு அலுவலக அறையில் எத்துணைப் பணி நிகழ்ந்திருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964 சனவரியில் தில்லியில் தோன்றியது. அதற்கும் மாநாட்டிற்கும் இடையில் இருந்தவை இரண்டேகால் ஆண்டுகளே. மின்னஞ்சல் இல்லாத காலம் அது. பல நாட்டு அறிஞர்க்கும் அழைப்பு அனுப்புதல், கட்டுரைச் சுருக்கம் கேட்டு வாங்குதல், வாராதவர்க்கு நினைவூட்டுதல் ஆகிய அனைத்தும் அஞ்சல் வழியே நடைபெற வேண்டும். ஒரு மடல் உரிய கோப்பில் சேராதொழியின், ஓர் அறிஞரின் பெயரே நிகழ்ச்சிநிரலில் இடம்பெறாது போகக்கூடும். நிரல் வகுப்பதும் எளிதன்று. கல்வெட்டாய்வாளர் இருவர் ஒரே வேளையில் வெவ்வேறு அறைகளில் பேசுமாறு அமைத்துவிட்டால், கேட்க வேண்டிய இருவருமே ஒருவரையொருவர் கேளாமற் போவர்! தங்குமிடம், உணவு, நுழைவுரிமை ஆகியவற்றைச் சொல்லவே வேண்டுவதில்லை.

இவை அனைத்தினும் கடியது அச்சுப்பணி. தமிழ்ச் சொற்களை உரோம எழுத்தில் பெயர்த்தெழுதும்போது, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் முறைப்படி, ‘எல்’ என்னும் எழுத்தின் கீழ்க் கோடிட்டால் ழகரம், புள்ளியிட்டால் ளகரம், ஒன்றும் இடாவிட்டால் லகரம். தட்டச்சரோ அச்சுக்கோப்பவரோ அக்குறிகளை விட்டுவிட்டால் வலி, வளி, வழி என்னும் மூன்றும் ஒன்றாகிவிடும். தொல்காப்பியத்தைப் பற்றிய கட்டுரையொன்றில் இது நேர்ந்தால் ஆய்வாளர் கருத்தே பிறழும். இதனைப் பிடிக்க வேண்டியவர் மெய்ப்புத் திருத்துவோர். அவர் தமிழும் அறிந்திருத்தல் வேண்டும். பொறுமையும் உடையவராதல் வேண்டும். இரண்டும் ஒருங்கே அமைவது அரிது.

கோலாலம்பூர் மாநாட்டுக் கட்டுரைகள் 1968, 1969ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்தன. 1970இல் பாரிசில் கூடிய மூன்றாம் மாநாட்டின் கட்டுரைகள் 1973இல் வந்தன. யாழ்ப்பாணத்தில் 1974இல் நடந்த நான்காம் மாநாட்டுக் கட்டுரைகளோ 1980 வரை காத்திருந்தன. அச்சேறாத கட்டுரை, அன்று அவையில் இருந்தோர் நினைவளவில் நின்றுவிடும். அவருக்குப் பின் அதனை மேற்கோள் காட்டுவார் இல்லை.

அச்சேறிய தொகுதியிலும் அடங்காதது ஒன்றுண்டு. கட்டுரை படித்து முடிந்தபின் அவையிலிருந்து எழுந்த வினாக்களும் அவற்றிற்கு அளித்த விடைகளும் பெரும்பாலும் குறிப்பெடுத்தவர் கைத்தாளில்தான் இருக்கும். மாநாடு முடிந்து மேசைகளை ஒழுங்குசெய்யும் நாளில் முதலில் குப்பைக்குச் செல்வன அத்தாள்களே.