கரப்பான் நோயும் அதன் பரிகாரமும்

மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐம்பொறிகளுள் மெய்யை முதற்கண் வைத்து எண்ணினர் தமிழ் நூலோர். உடல் முழுவதையும் போர்த்து நிற்கும் தோல் ஊற்றுணர்வுக்கு நிலைக்களனாவதோடு, புறப்பகையைத் தடுக்கும் மதிலுமாகும். அம்மதில் பழுதுறுங்கால் நேரும் நோய்களுள் ஒன்று ஒவ்வாமைக் கரப்பான். இந்நோயுற்ற பிள்ளை இருவகைத் துன்பத்தை நுகர்கின்றது. ஒன்று நோய் தரும் தினவு. மற்றையது அறியாமையாற் பிறர் காட்டும் அருவருப்பு. முன்னையதற்கு மருத்துவம் உண்டு. பின்னையதற்கு அறிவே மருந்து.

இந்நோய் பெரும்பாலும் குழவிப் பருவத்திலே தொடங்குவது. குழவிகளுக்குக் கன்னத்திலும் தலையிலும், வளர்ந்த பிள்ளைகளுக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் கழுத்திலும் இது தோன்றும். தோல் வறண்டு தினவெடுக்கும். சொறியச் சொறியத் தடிக்கும். மேனாட்டு நூல்கள் செந்நிறத்தை இதன் அடையாளமாகக் கூறும். கரிய மேனியில் அச்செம்மை எளிதிற் புலப்படாது. சாம்பல் நிறமாகவோ கரும்பழுப்பாகவோ தோன்றலாம். அதனால் நோயின் கடுமையைக் குறைத்து மதித்தலும் உண்டு.

தொய்வு, மூக்கொவ்வாமை ஆகியன வழிவழி வரும் குடும்பங்களில் இக்கரப்பானும் மிகுதியாகக் காணப்படும். 1923 ஆம் ஆண்டில் கோக்கா, குக் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், இத்தகைய ஒவ்வாமை இயல்புக்கு, 'இடம் பிறழ்ந்தது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்றும் 'அற்றோப்பி' என்னும் பெயரை ஆக்கினர். 1933 இல் வைஸ், சல்ஸ்பேர்கர் என்போர் அப்பெயரையே இத்தோல் நோய்க்கு அடையாக்கினர்.

நோயின் காரணம் யாது? தோலின் மேற்படையைக் கல்லும் சாந்தும் கொண்டு கட்டிய சுவருக்கு ஒப்பிடலாம். உயிரணுக்கள் கற்கள், அவற்றின் இடைநிற்கும் கொழுப்புச் சாந்து. கற்களை உறுதியாக்கும் புரதங்களுள் ஒன்று பிலாகிறின். அதனை ஆக்கும் பரம்பரையலகிற் குறையுடையோர்க்கு இந்நோய் எளிதில் வருதலை, 2006 இல் ஸ்கொத்துலாந்தின் டண்டீப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் முதலியோர் காட்டினர். நோயாளர் யாவரிடத்தும் இக்குறை காணப்படுவதில்லை. எனினும், சுவர் பழுதுற்ற வழியே நோய் புகும் என்பது இதனால் தெளிவாயிற்று. விரிசலூடாக நீர் வெளியேறும். தூசியும் கிருமியும் உட்புகும். உடலின் காவற்படை அளவிறந்து சினந்தெழும், தினவு தோன்றும். சொறிதலால் விரிசல் பெருகும். காரியமே மீண்டும் காரணமாகின்றது.

ஆகவே, இது இரத்த அழுக்கால் வந்ததன்று, தொட்டால் ஒட்டுவதுமன்று. 'கிரந்தி' எனக் கருதி மீன், முட்டை, பால் யாவற்றையும் விலக்குதலும் பொருந்தாது. சில பிள்ளைகளுக்குச் சில உணவு ஒவ்வாதிருத்தல் உண்மையே. ஆயின், மருத்துவர் ஆராய்ந்து கூறாமல் உணவைக் குறைத்தல் வளரும் உடலை மெலிவிக்கும்.

பரிகாரத்தின் முதற்படி மதிலைச் செப்பஞ் செய்தல். இளஞ்சூட்டு நீரிற் சிறிது நேரமே குளித்து, கடுமையான சவர்க்காரத்தைத் தவிர்த்து, ஈரம் உலருமுன் வசிலீன் போன்ற நெய்ப்புப் பூச்சைத் தாராளமாகப் பூசுதல் வேண்டும். நோய் தணிந்த நாளிலும் இதனை விடலாகாது. நகத்தைக் குறுக வெட்டலும் பருத்தியாடை உடுத்தலும் நலம். தேசிக்காய்ப் புளியை வெடித்த தோலிற் தேய்த்தல் எரிவையே தரும்.

அழற்சி மிக்கவிடத்து இரண்டாம் படி வேண்டப்படும். முன்னர்க் கூறிய சல்ஸ்பேர்கரும் விற்றன் என்பாரும் 1952 இல் ஐதரோக்கோட்டிசோன் பூச்சின் பயனை வெளியிட்டனர். அவ்வினத்து மருந்துகளே இன்றும் முதன்மையானவை. இவற்றை அஞ்சி ஒதுக்குவாரும் உளர். வரம்பின்றிப் பூசுவாரும் உளர். இரண்டும் பிழை. வளர்ந்தோர் சுட்டுவிரலின் நுனி முதல் முதற்கோடு வரை பிதுக்கிய களிம்பு, விரல்களோடு கூடிய இரு கைத்தலப் பரப்புக்குப் போதும். முகத்துக்கும் மடிப்புகளுக்கும் மென்மையான வகையே ஏற்றது. எத்தனை நாள் என்பதை மருத்துவரே வரையறுத்தல் வேண்டும். பெயரும் கூறும் குறிக்கப்படாத களிம்புகளை வாங்கலாகாது. கடிய நோய்க்கு, 2017 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டுப்பிலுமாப் என்னும் ஊசி மருந்து முதலிய புதியனவும் உள. மஞ்சட் பொருக்கு, நீர்க்கசிவு, காய்ச்சல், திடீரெனப் பரவும் கொப்புளம் என்பன தோன்றின் தாமதியாது மருத்துவமனையை நாடுக.

பிள்ளைகள் பலருக்கு வயது ஏற ஏற நோய் தணியும், சிலருக்கு நீடிக்கும். இரவெல்லாம் சொறிந்து உறக்கமிழந்த மாணவன் காலையில் வகுப்பறையிற் கண்ணயர்வான். அவனைச் சோம்பேறி எனக் கடிதலும், தொற்றுமென அஞ்சித் தனி வாங்கில் இருத்துதலும், நோய் செய்யாத காயத்தைச் செய்வனவாகும். தோலிற் பட்ட வடு காலத்தால் மங்கும். உள்ளத்திற் பட்ட வடு அத்துணை எளிதில் மறையாது. அவனருகே அமர்ந்திருக்கும் தோழனும், அவ்வாறு அமர இசைவளிக்கும் ஆசிரியனும், மருத்துவன் செய்யும் பணியிற் பாதியைச் செய்து முடித்தவராவர்.