எந்த ஆல்பத்தைக் கேட்டீங்க?

ஹாலிவுட் படங்களின் பின்னணி இசையை மட்டும் தனியாக எடுத்துக் கேட்கிற ஒரு கூட்டம் உலகம் முழுக்க இருக்கிறது. பாட்டு கிடையாது, வரி கிடையாது, பெரும்பாலும் வெறும் ஆர்கெஸ்ட்ராதான். "இந்த வாரம் என்ன ஓடிட்டு இருக்கு?" என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும், பத்துப் பேர் பதில் சொல்வார்கள், அதில் இரண்டு பேர் சண்டையும் போடுவார்கள். "ஏலியன் படத்துக்கு ஜெர்ரி கோல்ட்ஸ்மித் போட்டது மாஸ்டர்பீஸ்" என்பார் ஒருவர். "படத்துல அப்படி ஒண்ணும் பெருசா இல்லையே" என்பார் இன்னொருவர். பல வருடமாக இதை வேடிக்கை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ரெண்டு பேருமே சரி. அவர்கள் கேட்டது ஒரே இசை இல்லை, அவ்வளவுதான்.

நான் பார்க்கிற வேலையில், "அப்ளிகேஷன் ஓடல" என்று யாராவது புகார் போட்டால் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி "எந்த வெர்ஷன்?" அது தெரியாமல் பேச ஆரம்பித்தால் அரை நாள் வீண். திரை இசை விஷயமும் அப்படித்தான். ஒரே படத்தின் இசைக்கு நாலு வெர்ஷன் இருக்கும். எப்படி நாலு ஆகிறது என்பதுதான் சுவாரசியம்.

ஏலியனையே எடுத்துக்கொள்வோம். 1979ல் வந்த படம். இயக்குநர் ரிட்லி ஸ்காட். கோல்ட்ஸ்மித் தொடக்க டைட்டிலுக்கு எழுதியது கொஞ்சம் அழகான இசை. விண்வெளி என்றால் பிரமிப்பு, தனிமை. தூரத்தில் ஒரு ட்ரம்பெட். பயம் பிறகு மெதுவாக வரட்டும் என்பது அவர் கணக்கு. ஸ்காட்டுக்கு அது வேண்டாம், முதல் ஷாட்டிலிருந்தே வயிற்றைப் பிசைய வேண்டும். கோல்ட்ஸ்மித் மறுபடி எழுதிக் கொடுத்தார். இன்று படம் போட்டால் நாம் கேட்பது அந்த இரண்டாவது வெர்ஷன்.

அதோடு முடியவில்லை. 1962ல் ஜான் ஹூஸ்டன் எடுத்த ஃப்ராய்ட் என்ற படத்துக்கும் கோல்ட்ஸ்மித்தான் இசை. அந்தப் பழைய படத்தின் துண்டுகள் ஏலியனில் சில காட்சிகளில் அப்படியே இருக்கின்றன. கடைசி டைட்டிலில் அவர் எழுதியதை எடுத்துவிட்டு ஹோவர்ட் ஹான்சன் என்ற அமெரிக்கரின் இரண்டாவது சிம்பொனியைப் போட்டார்கள். மனிதர் இதைப் பற்றிப் பேட்டிகளில் எரிச்சலோடு சொல்லியிருக்கிறார். எரிச்சல் வராமல் எப்படி? தன்னுடைய பழைய இசையே தன்னுடைய புது இசையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டது.

ஆனால் அந்த வருடமே வெளிவந்த எல்.பி. தட்டில் இருந்தது அவர் முதலில் எழுதிய டைட்டில் இசை. தட்டை வாங்கியவர்கள் கேட்டது இசையமைப்பாளர் நினைத்த ஏலியன். தியேட்டரில் உட்கார்ந்தவர்கள் கேட்டது இயக்குநரும் எடிட்டரும் வெட்டி ஒட்டிய ஏலியன். 2007ல் இன்ட்ராடா நிறுவனம் இரண்டு சி.டி.யில் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்ட பிறகுதான் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்க முடிந்தது. (அந்த இசையில் நம்ம ஊர் சங்கும் வாசித்திருக்கிறார்கள். வேற்றுக்கிரகத்து ஜந்துவுக்கு சங்கு ஊதின புண்ணியவான் யாரோ.)

பழைய படத்தின் இசை புதுப் படத்துக்குள் எப்படி நுழைந்தது? இதற்கு டெம்ப் ட்ராக் என்று பெயர், அதாவது தற்காலிக இசை. எடிட்டிங் நடக்கும்போது படத்துக்கு இசை இருக்காது. ஊமையாகப் பார்த்தால் வேகம் பிடிபடாது. அதனால் எடிட்டர் கையில் கிடைத்த ஏதோ ஒரு பழைய இசையைப் போட்டு வைப்பார். இயக்குநர் மாதக்கணக்கில் அதோடு சேர்த்தே காட்சியைப் பார்ப்பார். காது பழகிவிடும். பிறகு இசையமைப்பாளர் புதிதாக எழுதிக்கொண்டு வந்தால், நல்லதோ கெட்டதோ, "என்னமோ குறையுதே" என்று தோன்றும். குறைவது இசை இல்லை, பழக்கம்.

இதில் பெரிய பலி அலெக்ஸ் நார்த். 2001: எ ஸ்பேஸ் ஒடிஸி படத்துக்கு அவர் இசை எழுதி, ஆர்கெஸ்ட்ராவை வைத்துப் பதிவும் செய்தார். ஸ்டான்லி குப்ரிக் தான் தற்காலிகமாகப் போட்டிருந்த ஸ்ட்ராஸ், லிகெட்டி இசையையே வைத்துக்கொண்டார். தன் இசை படத்தில் இல்லை என்பது நார்த்துக்கு 1968ல் படத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவர் 1991ல் காலமானார். 1993ல் கோல்ட்ஸ்மித் லண்டனில் அந்த இசையைப் புதிதாகப் பதிவு செய்து வெளியிட்டார். நார்த்தின் அசல் பதிவு 2007ல்தான் வந்தது. கேட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், படத்துக்கு குப்ரிக் முடிவுதான் சரி. நார்த் இசை காட்சியை விளக்கப் பார்க்கிறது. அந்தப் படத்துக்கு விளக்கம் ஆகாது. ஆனால் படத்தை மறந்துவிட்டுக் கேட்டால் அது வேறொரு நல்ல படைப்பு. "நார்த்துக்கு அநியாயம் நடந்துச்சு", "குப்ரிக் காப்பாத்தினார்" என்று இரண்டு கட்சி இன்னும் அடித்துக்கொள்கிறது. இரண்டையும் ஒரே ஆள் சொல்லலாம், தப்பே இல்லை.

அடுத்தது காசு. அமெரிக்காவில் இசைக் கலைஞர்களுக்கு வலுவான சங்கம் உண்டு. படத்துக்காக வாசித்ததை ஆல்பமாக விற்றால், வாசித்தவர்களுக்கு மறுபடி பணம் கொடுக்க வேண்டும். நியாயமான விதிதான். ஆனால் எண்பது பேர் வாசித்த ஆர்கெஸ்ட்ரா என்றால் கம்பெனிக்குக் கட்டுப்படி ஆகாது. அதனால்தான் 80களிலும் 90களிலும் பல ஆல்பங்கள் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். எல்.பி. காலத்தில் இன்னொரு தடையும் இருந்தது. ஒரு பக்கத்துக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம்தான் பிடிக்கும். 1977ல் ஸ்டார் வார்ஸ் இரண்டு தட்டாக வந்தது அந்த நாளில் பெரிய விஷயம்.

இதனால் என்ன ஆயிற்று என்றால், ஒரு தலைமுறை ரசிகர்களின் அபிப்பிராயமே அந்த அரை மணி நேரத்தில் உருவானது. எந்த அரை மணி நேரம் என்று தேர்ந்தெடுத்தவர் ரசனை உள்ளவராக இருந்தால் தப்பித்தோம்.

ஸ்டார் ட்ரெக் முதல் படத்தின் இசை இதற்கு நல்ல உதாரணம். அதுவும் 1979, அதுவும் கோல்ட்ஸ்மித். முதலில் வந்த தட்டு சுமார் நாற்பது நிமிடம். 1999ல் இன்னும் கொஞ்சம் சேர்த்து ஒரு பதிப்பு. 2012ல் லா-லா லேண்ட் நிறுவனம் மூன்று சி.டி. போட்டது. அதில் நிராகரிக்கப்பட்ட ட்ராக்குகளும் இருக்கின்றன. என்டர்பிரைஸ் கப்பலை நாயகன் முதன்முதலாகச் சுற்றிப் பார்க்கிற நீளமான காட்சிக்கு கோல்ட்ஸ்மித் முதலில் எழுதியதைக் கேட்ட இயக்குநர் ராபர்ட் வைஸ், இதில் பிடித்துக்கொள்ள ஒரு தீம் இல்லையே என்று திருப்பிவிட்டார். கேட்டால் உங்களுக்கும் புரியும். அலை அலையாக எழுந்து விழுகிறது, வாத்தியச் சேர்க்கை பிரமாதம், கடலில் போகிற பாய்மரக் கப்பல் ஞாபகம் வருகிறது. ஆனால் முடிந்த பிறகு முணுமுணுக்க ஒன்றும் மிஞ்சாது. அதன்பின் எழுதியதுதான் உலகத்துக்கே தெரிந்த அந்த மார்ச். 1987ல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடருக்கும் அதையே டைட்டில் இசையாக எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பது, கோடில் ஒரு மாற்றத்துக்கு முன்னும் பின்னும் டிஃப் எடுத்துப் பார்ப்பது மாதிரி. ஒருவர் தோற்ற இடத்திலிருந்து எதை வைத்துக்கொண்டார், எதைக் கழித்தார் என்று வரிவரியாகத் தெரிகிறது. மூன்று சி.டி. வாங்கினதற்கு எனக்கு அந்த ஆறேழு நிமிடமே போதும்.

அதற்காக முழுமையான பதிப்புதான் எப்போதும் உசத்தி என்கிற கட்சியில் நான் இல்லை. லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் முதல் பாகத்துக்கு ஹோவர்ட் ஷோர் 2001ல் கொடுத்த ஆல்பம் எழுபது நிமிடத்துக்குச் சற்று மேல். 2005ல் வந்த முழுப் பதிப்பு மூன்று மணி நேரம். ஒரு ஓபரா போல தீம்களைப் பின்னியிருப்பதால் அதற்கு அந்த நீளம் தாங்குகிறது. எல்லாப் படத்துக்கும் தாங்காது. கதவு திறக்கிற இருபது விநாடி, கார் திரும்புகிற பதினைந்து விநாடி என்று துண்டு துண்டாக அறுபது ட்ராக் கேட்டால் யாருக்கும் சலிக்கும். ஜான் வில்லியம்ஸ் இதைத் தெரிந்தே வைத்திருந்தார். 1975ல் ஜாஸ் படத்தின் ஆல்பத்துக்காக இசையைத் தனியாக மறுபடி வாசிக்க வைத்துப் பதிவு செய்தார். படத்தில் வருவது வேறு, தட்டில் இருப்பது வேறு. தட்டில் உள்ளது கச்சேரி. படத்தில் உள்ளது வேலை.

மறுபதிவில் ஒரு ஆபத்தும் உண்டு. சைக்கோ படத்தின் இசையை பெர்னார்ட் ஹெர்மன் 1975ல் தானே மறுபடி நடத்தினார். வேகம் நன்றாகக் குறைந்திருக்கிறது. 1960 படத்தில் கத்தியாக இருப்பது இதில் பாறாங்கல்லாக இருக்கிறது. அந்தத் தட்டை மட்டும் கேட்டவர் "ஹெர்மன் இசை கனமானது" என்பார், படத்தைப் பார்த்தவர் முழிப்பார்.

சரி, நம்ம பக்கம் வருவோம். தமிழில் பி.ஜி.எம். ரசிகர்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் இளையராஜாவின் பின்னணி இசை பற்றி நாம் இத்தனை வருடமாகப் பேசுவதெல்லாம் எந்த வெர்ஷனை வைத்து? பெரும்பாலும் படத்தின் ஒலித்தடத்திலிருந்து வெட்டி எடுத்த துண்டுகளை வைத்து. மேலே வசனம், கீழே இசை, நடுவில் மழைச் சத்தம். பாடல்கள்தான் கேசட்டாகவும் சி.டி.யாகவும் வந்தன. பின்னணி இசை தனி ஆல்பமாக வந்தது மிக மிகக் குறைவு. குரலைப் பிரிக்கிற மென்பொருள் இப்போது இலவசமாகவே கிடைக்கிறது. மௌன ராகம் படத்தின் ஒரு காட்சியை அதில் போட்டுப் பார்த்தேன். வசனம் போய்விட்டது, கூடவே வயலின்களின் மேல்ஸ்தாயியில் பாதியும் போய்விட்டது. மிஞ்சியது யாரும் எழுதாத, யாரும் வாசிக்காத ஒரு ஐந்தாவது வெர்ஷன்.

மூலப் பதிவு தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹாலிவுட்டிலேயே பாடம் இருக்கிறது. எம்.ஜி.எம். ஸ்டூடியோ தன்னுடைய இசைக் காகிதங்களை, முழு ஸ்கோரும் வாத்தியப் பகுதிகளும் உட்பட, 1960களின் கடைசியில் குப்பையோடு குப்பையாகக் கொட்டி மண் மூடிவிட்டது. பிறகு ஜான் வில்சன் என்ற ஆங்கிலேய நடத்துனர், படங்களின் ஒலியை ஓட்டி ஓட்டிக் கேட்டு, ஒவ்வொரு வாத்தியமாகக் காதால் பிடித்து, எம்.ஜி.எம். இசைப்படங்களின் ஸ்கோரைத் திரும்ப எழுதினார். 2009ல் லண்டன் ப்ராம்ஸ் விழாவில் அது கச்சேரியாக அரங்கேறியது. சில விநாடி இசைக்கு மணிக்கணக்கில் உட்கார வேண்டிய வேலை அது.

இளையராஜா எல்லாவற்றையும் ஸ்டாஃப் நொட்டேஷனில் தன் கையால் எழுதிக் கொடுப்பவர். அதனால் டேப்புக்கு இணையாக அந்தக் காகிதங்களும் முக்கியம். என்னால் நொட்டேஷன் எழுத முடியாது. நான் செய்கிறது ஒரு ஸ்ப்ரெட்ஷீட்: படம், எந்த நிமிடம், என்னென்ன வாத்தியம், வசனம் குறுக்கிடாமல் எத்தனை விநாடி இசை மட்டும் ஓடுகிறது. காதால் பிடித்து எழுதத் தெரிந்தவர் யாராவது உட்கார்ந்தால், எங்கே ஆரம்பிக்கலாம் என்று அவருக்குத் தெரியும். மௌன ராகம் முடிந்துவிட்டது. இப்போது ஜானி, முதல் நாற்பது நிமிடம் வரை வந்திருக்கிறேன்.